மரத்தைத் தேடிப் போன ரம்பம்

என் மனைவியின் தம்பி இரண்டு விரல்களை இழந்ததற்கு அவனுடைய அவசரமே காரணம் என்று உறவெல்லாம் நம்பும்படி சொன்னவன் நான். அது பொய்.

எழுபதுகளின் தொடக்கத்தில், அடையாறில் ஒரு பங்களாத் தோட்டத்துப் பெரிய புளியமரம் புயலில் சாய்ந்தது. பொறியியல் படித்திருந்த நான் அதை முழு அகலப் பலகைகளாக அறுக்க ஆசைப்பட்டேன். சைதாப்பேட்டை மரக்கடைக்காரர் சிரித்தார். "மரந்தான் மிஷினாண்ட வரணும் நைனா. மிஷின் இன்னா, தள்ளுவண்டியா?"

தள்ளுவண்டியேதான் செய்தேன். வட்ட ரம்பம் அந்தப் பருமனில் பாதிகூட இறங்காது. ஆகவே இரண்டு பழைய கார் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை ரம்பம், ஒரு டீசல் எஞ்சின், மரத்தின் இருபுறமும் இரும்புத் தண்டவாளம். மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ரம்பம் அதன் ஊடே நகர்ந்து போகும். இன்றும் சொல்வேன், அந்த இயந்திரத்தில் குறை இல்லை. அதை ஓட்டுவதற்காக மைத்துனன் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு வந்தான்.

அறுப்பதற்கு முன் பங்களாக்காரர் சொன்னார்: "அந்தக் காலத்துல இந்த மரத்தடியில பேயோட்டுவாளாம். பேய் பிடிச்சவளோட முடியை வச்சு மரத்துல ஆணி அடிச்சுடுவா."

"எங்க ரம்பத்தைப் பார்த்தா பேயே ஓடிடும் மாமா," என்றேன்.

பேய் பொய்தான். ஆணி மெய் என்பது வீடு திரும்பும் வழியிலேயே உறைத்தது. ஆனால் பட்டை மூடி வளர்ந்த ஆணிகளைத் தேடி மரத்தைக் கொத்தினால், படித்தவன் பேய்க்குப் பயந்துவிட்டான் என்பார்கள். மைத்துனனிடமும் மூச்சு விடவில்லை.

முதல் பலகை பாதி அறுபடும்போதே ரம்பம் ஆணியில் பட்டு அறுந்து, அவன் வலது கையில் விழுந்தது. அவனை வண்டியில் ஏற்றியதும் ஆணியைப் பிடுங்கி வேலிக்கப்பால் எறிந்தேன். ஆஸ்பத்திரியில் மாமனார் கேட்டபோது, "வேகமா தள்ளிட்டான்" என்றேன். அன்றிலிருந்து மாமனாரின் மயிலாப்பூர் வீட்டில் அவனுக்கு அவசரக்குடுக்கை என்று பேர்.

சில ஆண்டுகள் கழித்து மாமனார் இறந்தார். பதின்மூன்றாம் நாள் சுபத்தன்று பந்தி முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தபோது, உண்மையை உரக்கச் சொன்னேன்.

"இப்ப எதுக்கு இது?" என்றாள் மனைவி.

"எல்லாருக்கும் கேட்கட்டும்," என்றேன்.

மைத்துனன் நிமிரவில்லை. "அப்பா இருக்கச்சே சொல்லியிருக்கலாமே, அத்திம்பேர். கடைசிவரைக்கும் என்னை நம்பி பீரோ சாவியைக்கூடக் கொடுக்கலை."

என்ன வேண்டும் என்று கேட்டேன். இயந்திரத்தைக் கேட்டான். கொடுத்துவிட்டேன்.

மிச்சமிருந்த விரல்களை வைத்துக்கொண்டே அதை நகரமெங்கும் ஓட்டினான். ஓட்டுகிற இடத்துக்கு என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.