ஏழு பேருக்கும் இருபத்து நான்கு

வெண்ணந்தூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் பணியிடம் வெகுநாளாகக் காலி. இரண்டு வருடம் முன்பு தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, குறுவட்டப் போட்டிக்குப் பெண்கள் கபடி அணியை நான்தான் கூட்டிப்போக வேண்டும் என்றார்.

"எனக்குக் கபடி தெரியாதுங்களே மேடம்."

"காலையில வாக்கிங் போறீங்கல்ல. போதும், போயிட்டு வாங்க."

அணியில் ஏழு பேர். தறி ஓட்டுகிறவர்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். கடலை பிடுங்கிய காட்டில் தாங்களாகவே ஆடிப் பழகியவர்கள். ஆட்டத்தில் குறையில்லை. எண் போட்ட சட்டை இல்லாமல் களத்தில் இறங்க முடியாது, அதுதான் பிரச்சினை.

ஒருத்தியின் அப்பா போர்வெல் ரிக் வண்டியில் போர் போடப் போகிறவர். அவருடைய முதலாளி வேலையாட்களுக்கு அடித்த பனியன் மிச்சம் இருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார். பச்சை நிறம், முதுகில் பெரிதாக 24. அதன் கீழே பொடி எழுத்தில் "மணி நேரமும் அழைக்கலாம்". எண் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் எல்லாவற்றிலும் ஒரே எண் இருப்பதை நான் யோசிக்கவில்லை. போர் போடும் ஆண்களுக்கான அளவு வேறு. பிள்ளைகளுக்கு முட்டிவரை தொங்கியது.

ராசிபுரத்தில் போட்டி. முதல் ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் எங்களில் ஒருத்தி அவுட். நடுவர் அவள் முதுகைப் பார்த்து, "இருபத்தி நாலு, வெளிய போ" என்றார்.

ஏழு பேரும் வெளியே போய் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

நடுவர் காலிக் களத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். "என்னங்க டீச்சர் இது?"

"தெரியாம நடந்துருச்சுங்க சார். அஞ்சு நிமிசம் குடுங்க."

முதலுதவிப் பெட்டியில் வெள்ளைப் பிளாஸ்திரி இருந்தது. வேறு எண் ஒட்ட வேண்டுமானால் முதலில் அந்த 24ஐ மறைக்க வேண்டும். அவ்வளவு பிளாஸ்திரி இல்லை. அதனால் பக்கத்திலேயே ஒரு கூட்டல் குறியும் ஓர் எண்ணும் ஒட்டினேன். ஒருத்தி 24+1, அடுத்தவள் 24+2, கடைசியாக நின்ற எட்டாம் வகுப்புக்காரி 24+7. அந்த நேரத்தில் அது பெரிய அறிவாளித்தனமாகத் தோன்றியது.

நடுவர் கடைசிக்காரியிடம் குறிப்பேட்டோடு வந்தார். "உன் நம்பர் என்னம்மா?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "முப்பதுங்க சார்."

"முப்பத்தி ஒண்ணுடி" என்று மற்ற ஆறு பேரும் கத்தினார்கள்.

"உங்களுக்குக் கணக்கு டீச்சர் யாரு?"

"எங்க டீச்சர்தானுங்க சார், அங்க நிக்கிறாங்கல்ல" என்று கையை நீட்டிக் காட்டினாள். நான் பிளாஸ்திரியைப் பெட்டியில் வைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆட்டம் தொடர்ந்தது. கபடி பாடிப் போகிறவளைத் துணியைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது விதி. அது எனக்கு அன்றுதான் தெரியும். எதிரணிப் பிள்ளைகள் பாய்ந்து பாய்ந்து பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் கையில் சிக்கியது பனியன்தான். உள்ளே எங்கள் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை. நடுவர் விசில் ஊதி ஊதிக் களைத்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

இரண்டாவது ஆட்டத்து அணி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவர்கள் பனியனைத் தொடவேயில்லை, நேராகக் கணுக்காலைப் பிடித்தார்கள். பெரிய வித்தியாசத்தில் தோற்றோம்.

பிள்ளைகள் அழுவார்கள் என்று பயந்தேன். பஸ் ஸ்டாண்டில் அவர்கள் ஆளுக்கு இரண்டு முட்டை போண்டா தின்றார்கள். நானும் தின்றேன். அணித் தலைவி வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க டீச்சர், நீச்சப் போட்டிக்கும் பேரு குடுக்கலாமுங்களா?" என்றாள்.

"நீச்சல் எங்க சாமி கத்துக்கிட்ட?"

"எங்க தோட்டத்துக் கெணத்துலதானுங்க. மேல இருந்து குதிப்பனுங்க."

இந்த வருடம் நான்கு பேருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் பயிற்சி பெறும் நீச்சல் குளம் எது என்று கேட்டிருந்த இடத்தில் "கிணறு, ஆழம் அதிகம்" என்று எழுதினேன். இதுவரை யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை.