கரடியின் உரிமம் முடியும் வரை

ஒரு கரடி சிரிக்கும்போது எத்தனை பல் தெரியலாம் என்று இந்த நாட்டில் எனக்குக் கடிதம் வரும். கடைசியாக வந்ததில் நான்கு என்றிருந்தது. மேல்வரிசை மட்டும். கீழ்வரிசை தெரிந்தால் கரடி கோபமாக இருப்பதுபோல் ஆகிவிடும், எங்கள் கரடி கோபப்படுவதில்லை என்று விளக்கம் வேறு. சன்னலுக்கு வெளியே ஸ்வீடனின் மால்மோ நகரம் மழையும் இல்லாத வெயிலும் இல்லாத ஒரு வெளிச்சத்தில் கிடந்தது. சைக்கிள்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்கொல்லைகளுக்கு நடுவே பிறந்தவன், நாற்பத்தாறு வயதில், அடுத்தவருடைய கரடிக்கு ஐந்தாவது பல்லை அழித்துக்கொண்டிருந்தேன்.

என் வேலையை ஊரில் யாருக்கும் விளங்கச் சொல்ல முடிந்ததில்லை. எங்கள் கம்பெனியிடம் இருப்பது உண்மையில் ஒரே ஒரு வீடியோ கேம்தான். குட்டைக்கால் பொம்மை ஒன்று ஓடும், குதிக்கும், பெட்டிகளை உடைக்கும், சிதறுகிற நட்சத்திரங்களைப் பொறுக்கும். அந்த ஓட்டமும் குதியும் எங்களுடையவை. முகம் எங்களுடையதல்ல. ஒரு முறை கடற்கொள்ளையர் படம் எடுத்தவர்களிடம் முகம் வாங்குவோம். அடுத்த முறை விண்வெளித் தொடர்க்காரர்களிடம். அதற்கும் அடுத்து, பேசுகிற காய்கறிகள். எலும்பு அதேதான், மேல்தோல் மட்டும் மாறும். சொந்தக்காரர்கள் இத்தனை காலத்துக்கு என்று உரிமம் எழுதித் தருவார்கள். காலம் முடிந்த அன்று அந்த விளையாட்டு எல்லாக் கடைகளிலிருந்தும் மறைந்துவிடும். யாரும் அழுவதில்லை. எலும்பைக் கழுவி அடுத்த தோலைப் போர்த்துவோம். சென்னையில் இவர்களுக்காகக் கூலிக்கு வேலை செய்த கம்பெனியில் இருந்தபோது எட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று வருடத்தில் மூன்று. பதினொரு தோல் என் கையால் போர்த்தியிருக்கிறேன்.

யோசித்தால், பெரம்பலூரிலும் இதைத்தான் செய்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. கம்ப்யூட்டரில் ஐந்தாறு டிசைன்தான் இருக்கும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக்காரர் வருகை, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பின்னால் அதே அருவி, அதே புறாக்கள். முகத்தையும் பெயரையும் மாற்றி அச்சுக்கு அனுப்புவோம். என்னோடு வேலை செய்த முருகேசன் எட்டிப்பார்த்துச் சொல்வான்: “டேய், போன வாரம் செத்தவருக்கு ஊத்துன அருவிய இன்னிக்குப் பொண்ணு மாப்ளைக்கு ஊத்துறியே, தண்ணியையாச்சும் மாத்துடா.” நான் தண்ணீரின் நிறத்தைக் கொஞ்சம் நீலமாக்குவேன். அவ்வளவுதான் என் கலை அப்போது.

அந்தக் கடையில்தான் அது நடந்தது. ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் பேனருக்குப் படம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கன்னத்தில் பெரிய மைப்பொட்டு, பாதி கலைந்து தாடை வரை இழுவியிருந்தது. துடைத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. கன்னம் பளிங்குபோல் வந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. எட்டடி உயரத்தில் அந்த முகத்தை மண்டப வாசலில் கட்டினார்கள். மறுநாள் உச்சிவெயிலில் குழந்தையின் அம்மா வந்தாள். விக்கிரமங்கலத்திலிருந்து பெரம்பலூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். இடுப்பில் குழந்தை, காய்ச்சலில் துவண்டு அவள் தோளில் கிடந்தது.

“யாரு இங்க படம் செஞ்சது?”

“நாந்தாங்க.”

“எம்புள்ள கன்னத்துப் பொட்டு எங்க?”

“அழுக்காட்டம் இருந்துச்சுங்க. கிளீன் பண்ணிட்டேன்.”

“அழுக்கா? ஊரே வந்து பாக்குற எடத்துல புள்ள மொகத்த எட்டடிக்கு நிறுத்திட்டு, ஒரு பொட்டில்லாம வுட்டிருக்கியே, நீயெல்லாம் புள்ள பெத்தவனா?”

முருகேசன் என்னைக் காப்பாற்றப் பார்த்தான். “இவனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலக்கா.”

“ஆவவும் வேணாம்” என்றாள். கத்தவில்லை. குழந்தையின் தலையைத் தோளில் சரிசெய்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

குழந்தைக்கு ஐந்து நாளில் சரியாகிவிட்டது. மழை தொடங்குகிற மாதத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல்தான். எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். தெரிந்தது எதற்கும் உதவவில்லை. அடுத்த பேனரிலிருந்து, யார் முகமாக இருந்தாலும், ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். சென்னைக்குப் போய் முதல் பொம்மைக்குத் தோல் போர்த்தியபோது, இடது உள்ளங்காலில் வைத்தேன். கைக்குழந்தைக்கு வைப்பதுபோல. அந்தப் பொம்மைகள் தட்டையாக அடியெடுத்து வைப்பவை, உள்ளங்கால் யாருக்கும் தெரியாது. கொள்ளைக்காரனுக்கு வைத்தேன். விண்வெளிக்காரிக்கு வைத்தேன். பேசும் கத்தரிக்காய்க்குக் கால் தேடி வைத்தேன். கோடிக்கணக்கான கண்கள் மொய்க்கப்போகும் முகத்தை ஒரு பொட்டில்லாமல் உலகத்துக்கு அனுப்ப என் கை வரவில்லை.

கரடிக்கு மட்டும் புதிதாக ஓர் அசைவு கேட்டிருந்தார்கள். தேன்கூட்டைப் பார்த்ததும் சந்தோஷத்தில் மல்லாந்து விழ வேண்டும். அழகாக விழுந்தது. நான்கு பாதமும் வானத்தைப் பார்க்க, ஒரு நொடிக்கும் குறைவாக. அந்த ஒரு நொடியை, கரடியின் சொந்தக்காரர்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் நிறுத்திப் பார்த்திருக்கிறார். இடது உள்ளங்காலின் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுப் படம் வந்தது. கீழே ஒரே வரி: இது என்ன?

எங்கள் மேலாளர் இங்ரிட் என்னை ஃபீகாவுக்கு அழைத்தாள். ஃபீகா என்றால் காபியும் ரொட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவது. இங்கே வேலையில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. திட்டமாட்டார்கள், மேசையைத் தட்டமாட்டார்கள். லவங்கப்பட்டை ரொட்டியை உங்கள் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்பார்கள். என் வேலை ஒப்பந்தம் முடிய ஆறு வாரம் இருந்தது. அவள் நீட்டித்து எழுதிக் கொடுத்தால்தான் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். நான், மனைவி மலர்க்கொடி, ஒன்பது வயது மகள் யாழினி, மூன்று பேரின் அனுமதியும் அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இது உன் கையொப்பமா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“ஏதாவது இயக்கத்தின் சின்னமா?”

“ஐயோ, இல்லை. எங்கள் ஊரில் குழந்தைகளுக்கு வைப்போம். ரொம்ப அழகாக இருப்பதைப் பலர் உற்றுப் பார்த்தால் அதற்குக் கெடுதல். அதனால் சின்னதாக ஒரு குறை வைத்துவிடுவோம்.”

அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதினாள். “அப்படியானால் நீ வேண்டுமென்றே கரடியில் ஒரு குறை வைத்தாய்.”

“அதன் நல்லதுக்குத்தான்.”

“யாரிடமிருந்து அதைக் காப்பாற்ற?”

“பார்ப்பவர்களிடமிருந்து.”

“பார்ப்பவர்கள் நம் வாடிக்கையாளர்கள்” என்றாள் மிக மென்மையாக.

அங்கேதான் நான் ஊர்க்காரனானேன். நம் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம். கேட்டதையும் கேட்காததையும் சொல்லி, எதிரில் இருப்பவர் “சரி, வுடு” என்று தலையை ஆட்டும்வரை கொட்டுவோம். முழுசாகச் சொன்னவனை யாரும் கைவிட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. நான் சொன்னேன்: “கரடிக்கு மட்டும் இல்லை. பதினொன்றிலும் வைத்திருக்கிறேன்.” அவள் பேனா நின்றுவிட்டது. பதினொரு சொந்தக்காரர்கள், பதினொரு ஒப்பந்தம், பதினொரு கூட்டம் வழக்கறிஞர்கள். ரொட்டியைத் தொடாமல் எழுந்து போனாள். “தக்” என்று நன்றி மட்டும் சொன்னாள்.

வீட்டில் சொன்னபோது மலர்க்கொடி பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. “ஏங்க, பொம்மைக்கு எவன் கண்ணு வெக்கப்போறான்? ஊரே நம்மளத்தான் கண்ணு வெச்சிக்கிட்டுக் கெடக்கு. அந்தப் பொட்ட நமக்கு வெச்சிருந்தீங்கன்னா ஆயிருக்குமில்ல?” பிறகு ஈரக் கையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “இவ இங்கதான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா. தமிழ்ல நாலு வரி சேந்தாப்ல படிக்க மாட்டா. அரியலூர்ல கொண்டுபோய் எந்த கிளாஸ்ல ஒக்கார வெப்பீங்க?” உள்ளறையில் யாழினி ஸ்வீடிஷில் எண்ணிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பிக்குப் போன் செய்தேன். அவன்தான் ஊரில் கொல்லையைப் பார்த்துக்கொள்கிறான். முந்திரி பூத்திருக்கிறது என்றான், கேட்டுக்கொண்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

“அண்ணே, லீவுல வா, ராசாவாட்டம் வா. வேல போயி வராத. இங்க வந்து என்ன பண்ணுவ?”

“பழைய வேலதான்.”

“ஃப்ளெக்ஸா? இப்ப சின்னப் பசங்க போன்லயே அடிச்சி அனுப்பிடுறானுவ. அந்தக் கடையே இல்ல, செல்லு ரிப்பேரு கடை வந்துட்டுது.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிடாத. எம்மவன் வெளிநாட்டுல கரடி செய்யிறான்னு அது கண்டவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது.”

போனை வைத்த பிறகும் கையில் பிடித்தபடி நின்றேன். ஊர் என்பது எப்போதும் பின்னால் திறந்திருக்கும் கதவு என்று நினைத்துத்தானே நாம் எல்லோரும் கிளம்பினோம்? என் கதவை உள்ளிருந்து பாசத்தோடு சாத்திவிட்டான் என் தம்பி. இங்கே இருக்கிற கதவில் ஒரு பெண் ரொட்டித் தட்டோடு நிற்கிறாள். நடுவில் நிற்கத் தரை எவ்வளவு அகலம்? இரண்டு பாதம் வைக்கப் போதுமா? ஒன்றுக்குத்தானா?

பத்தாம் நாள் இங்ரிட் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். வழக்கறிஞர்கள் எழுதியது. அந்தக் குறி வேலையின்போது தற்செயலாக ஏற்பட்டது, அதற்கு எந்தப் பொருளும் இல்லை என்று இரண்டே வாக்கியம். கையெழுத்துப் போட வேண்டும், பதினொன்றையும் நானே அழிக்க வேண்டும். செய்தால் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசலாம். “இது ஒரு நடைமுறைதான்” என்றாள். “நீ நம்புவதை யாரும் மாற்றச் சொல்லவில்லை.” நல்ல பெண். உண்மையாகவே எனக்கு உதவ நினைத்தாள். அந்தத் தாளைப் படித்தேன். எந்தப் பொருளும் இல்லை. பேனாவைத் திறந்தேன். கையெழுத்துப் போட்டேன். தமிழில் போட்டேன், என் கடவுச்சீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

அழிக்க மூன்று பகல் ஆயிற்று. ஒவ்வொரு பாதமாகப் பெரிதாக்கித் திரை முழுக்க நிரப்பி, புள்ளியின் மேல் தோலின் நிறத்தை இழுத்தேன். உரிமம் முடிந்து எந்தக் கடையிலும் இல்லாத விளையாட்டுகளையும் விடவில்லை. காய்கறிக்காலைத் துடைக்கும்போது பக்கத்து மேசைக்காரர் எழுந்துவந்து “ரொம்ப நுணுக்கமான வேலை” என்று பாராட்டினார். ஆமாம் என்றேன். ஒரு பிள்ளையைப் பொட்டில்லாமல் விட்டதற்குத்தான் அன்று பெரம்பலூரில் அந்தத் தாய், நீயெல்லாம் புள்ள பெத்தவனா என்று கேட்டாள். இன்று பதினொன்று. எந்தத் தாயும் படியேறி வரப்போவதில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஒப்பந்தம் நீண்டது. கரடியின் வேலைக்கு மட்டும், கரடியின் உரிமம் முடியும் நாள் வரைக்கும். பதினான்கு மாதம். எங்கள் குடியிருப்பு அனுமதியும் அந்தத் தேதியோடு நிற்கும். “அதற்குப் பிறகு?” என்று கேட்டேன். “அதற்குப் பிறகு பார்க்கலாம்” என்றாள் இங்ரிட். மலர்க்கொடி தாளை இரண்டு முறை படித்தாள். “ஆக, கரடி இருக்குறவரைக்கும் நாமளும் இருக்கலாம்” என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். தாளை மடித்துக் கடவுச்சீட்டுகளுக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை மதியம் யாழினி பழைய கொள்ளைக்காரன் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். உரிமம் முடிந்துபோனது, ஆனால் முன்பே வாங்கியவர்கள் வீட்டில் அது இன்னும் ஓடும். கீழே தோழிகள் கூப்பிட்டார்கள். பொம்மையை ஓட்டும் விசைப்பெட்டியைச் சோபாவில் போட்டுவிட்டு ஓடினாள். திரையில் பொம்மை தனியாக நின்றது. யாரும் இயக்காதபோது பொம்மை செத்ததுபோல் நிற்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. சென்னையில் எனக்குக் கொடுத்த முதல் வேலையே அதுதான், சும்மா நிற்பதை வரைவது. ஜெயங்கொண்டம் நாலுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களை நினைத்துக்கொண்டு வரைந்தேன். வலக்காலில் கனத்தை வைப்பார்கள், கொஞ்சம் பொறுத்து இடக்காலுக்கு மாற்றுவார்கள், இந்தப் பக்கம் பார்ப்பார்கள், அந்தப் பக்கம் பார்ப்பார்கள். எந்த முகம் போர்த்தினாலும் பதினொன்றும் அப்படித்தான் நிற்கின்றன. விசைப்பெட்டி என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்தால் பொம்மை ஓடத் தொடங்கிவிடும். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலக்கால். இடக்கால். வலக்கால்.