அடக்கிவைத்த இரண்டு மணி நேரம்

அப்பா தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். கையில் ஸ்டியரிங், உதட்டில் சிகரெட். ஓய்வு பெற்ற பிறகும் சிகரெட்டை விடவில்லை. சிறுநீர் சிவப்பாகப் போனபோது பீட்ரூட் மேல் பழியைப் போட்டார். வலி இல்லாததால் மறந்தும் போனார். அவரோடு அதே வண்டியில் இருந்த கண்டக்டர் மாமாதான் டீக்கடைக் கழிப்பறையில் அதைப் பார்த்துவிட்டு, சட்டையைப் பிடிக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

சிறுநீர்ப்பையில் கட்டி. கருவியை உள்ளே விட்டுச் சுரண்டி எடுத்தார்கள்.

"தசைக்குள்ள போகல, ஆரம்ப நிலைதான். ஆனா முரட்டு ரகம். அதனால அதிக ஆபத்துப் பிரிவு" என்றார் டாக்டரம்மா.

அம்மாவுக்குப் பிடிபடவில்லை. "ஆரம்பம்கிறீங்க, ஆபத்துங்கிறீங்க?"

"எவ்வளவு ஆழம்ங்கிறது ஒண்ணு, திரும்ப வந்து ஆழமாப் போகுமாங்கிறது இன்னொண்ணும்மா. ஆபத்து கம்மின்னா சுரண்டிட்டு, அப்பப்போ பார்த்துக்கிட்டாப் போதும். இவருக்கு அது போதாது."

மிச்சம் இருக்கிறதா என்று மறுபடி சுரண்டிப் பார்த்தார்கள். புண் ஆறியதும், புற்றுநோயை உடம்பே எதிர்க்கத் தூண்டிவிட, காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியை மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார்கள். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். மருந்து உள்ளேயே தங்க, இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிவைக்க வேண்டும்.

"யாருகிட்ட சொல்றாங்க பாரு. இதுக்குத்தான் இவ்வளவு வருஷம் டிரெய்னிங் எடுத்தேன்" என்றார் அப்பா.

அந்தச் செவ்வாய்க்கிழமைகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. பச்சைத் திரைக்குப் பின்னால் மருந்து எல்லாப் பக்கமும் படும்படி அப்பா கட்டிலில் புரண்டு படுப்பார். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து பழைய பயணங்களை எடுத்துவிடுவார்: பாலத்தில் பிரேக் பிடிக்காத மழைநாள், ஓடும் வண்டியில் பிள்ளை பெற்ற பெண், டிக்கெட் எடுத்துத் தனி சீட்டில் ஆட்டுக்குட்டியை உட்காரவைத்த கிழவர். வீட்டில் வாய் திறக்காத அப்பா அங்கே இருபத்தைந்து வயதுக்காரராகச் சிரித்தார். நர்ஸ் வந்து, "சிரிச்சா அடக்க முடியாதுங்க" என்று அதட்டுவார்.

நான்காவது வாரம் காய்ச்சல், எரிச்சல். "போதும்டா, விட்டுடலாம்" என்றார் அப்பா.

"பயணிங்களைப் பாதி வழியில இறக்கிவிட்ட டிரைவரா நீ?" என்று கேட்டார் மாமா.

காய்ச்சல் தணிந்து, டாக்டரம்மா சரி என்றதும் அப்பா மறுபடி போனார். சிகரெட் அந்த வாரத்தோடு நின்றது.

மூன்றாம் மாதம் கேமரா வைத்துப் பார்த்தார்கள். சுத்தம். அதற்குப் பிறகும் விட்டுவிட்டு மருந்து, பரிசோதனை என்று சில வருடங்கள் ஓடின. கட்டி திரும்ப வரவில்லை. மாமா இப்போது மகள் வீட்டோடு போய்விட்டார். பரிசோதனைக்கு அப்பாவும் நானும்தான் போகிறோம். காத்திருக்கும்போது அவரே பேச ஆரம்பிக்கிறார்; ஆட்டுக்குட்டிக் கதையை மாமா அளவுக்கு அவருக்குச் சொல்ல வரவில்லை.