பிற்பகல் 3.42க்கு ஏறிய படங்கள்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே மூடிவிடலாம். மருதமுனையில் ஹிமாயாவின் வீட்டில், போன வருடம் நடந்தது இது. அவள் பயந்துவிட்டாள் என்று ஊர் சொல்கிறது. சுத்தப் பொய். அவள் கொதித்தாள்.

ஹிமாயாவின் கணவன் றஸாக், கல்முனையில் ஒரு கந்தோரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். மனைவி முக்காடில்லாமல் நிற்கும் படங்கள் இன்டர்நெட்டில் ஏறவே கூடாது என்பதில் ஒரே பிடிவாதம். கந்தோரில் கழித்துப்போட்ட சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். புத்தக அளவுதான். ஒரு பல்ப் இழுக்கிற கரண்ட்தான் இழுக்கும். உள்ளே காற்றாடி இல்லை, சுழல்வதற்கு எதுவுமே இல்லை, அதனால் சத்தமும் இல்லை. அதை அறை அல்மாரிக்குள் வைத்து வீட்டுக்கென்று ஒரு சேர்வர் ஆக்கினான். வீட்டு வைஃபைக்குள் வந்ததும் இருவரின் போன் படங்களும் தாமாக அதில் ஏறிவிடும். வாசலைத் தாண்டி ஒழுங்கையில் கொஞ்சம் தள்ளிப் போனாலே ஏறாது.

"நம்மட ஊட்டுப் படம் ஊரான்ட மெஷினில எதுக்கு?" என்பான்.

ஒரு வியாழக்கிழமை நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தவன் எழும்பவில்லை. புருஷனை இழந்தவள் காக்கும் இத்தாவில் ஹிமாயா இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும், அன்னிய ஆண் கண்ணில் படாமல், அந்த அறையே கதி. துணைக்குத் தங்கை றஸ்னா.

அடக்கிய அன்றே றஸாக்கின் போனைக் காணவில்லை. கடைசியாக அது அவன் தம்பி றிஷாட்டிடம் இருந்தது. "எங்கயோ உழுந்துட்டு மதினி" என்றான். அவ்வளவுதான் பதில். ஹிமாயா தலைவிரித்துச் சிரிக்கும் படங்கள் இப்போது எவன் கையில் இருக்கின்றனவோ! அந்த ஆத்திரத்தில் அவளால் புருஷனுக்காக ஒழுங்காக அழக்கூட முடியவில்லை.

ஏழாம் நாள் பின்னேரம் அசறு தொழுதுவிட்டு, பழைய படங்களைப் பார்க்கத் தன் போனில் சேர்வரைத் திறந்தாள். புதிதாக ஒரு படம் ஏறியிருந்தது.

றஸாக்கின் போனிலிருந்து.

பிற்பகல் 3.42.

படம் முழுக்கக் கறுப்பு.

"கள்ளன் மதிலோரம் நிக்கான். ஓடிப் பாரு!" என்று றஸ்னாவை விரட்டினாள். ஒழுங்கையில் ஒரு குஞ்சும் இல்லை.

மறுநாளும் 3.42. அதற்கு மறுநாளும்.

"மச்சான் கந்தோர் உட்டு வார நேரம்..." என்று றஸ்னா இழுத்தாள்.

"வாயப் பொத்து!"

இருபத்திரண்டு நாட்கள். இருபத்திரண்டு கறுப்புப் படங்கள்.

இருபத்தொன்பதாம் நாள். அறைக்கதவு உள்ளே தாழ்ப்பாள். யன்னல் சாத்தியிருந்தது. ஹிமாயா கட்டிலுக்கு முதுகு காட்டி நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

அல்மாரிக்குள் ஒரு சத்தம்.

சர்ர்ர்... சர்ர்...

மணல் சரிவது போல.

அவள் போன் மினுங்கியது. 3.42.

இந்தமுறை கறுப்பில்லை...

அவளுடைய முதுகு. விரித்த கூந்தல். கையில் சீப்பு.

கட்டிலிலிருந்து எடுத்த படம்.

திரும்பினாள்.

யாருமில்லை.

அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீடும் எழும்பி வந்தது. 4.15க்கு றிஷாட் வந்து சேர்ந்தான். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள்.

"என்ட அறைக்குள்ள படமெடுக்கத் துணிஞ்சிட்டியாடா? எங்க அந்தப் போன்? இப்ப எடு!"

திரைக்கு அந்தப் பக்கம் விசும்பல்.

"என்னட்ட இல்ல மதினி. அது றஸாக் காக்காட கபுறுக்குள்ள கிடக்கு."

அண்ணனின் மையித்தை வாங்கிக் கிடத்தக் கபுறுக் குழிக்குள் இறங்கியவன் அவன்தான். குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் விழுந்திருக்கிறது. மண் தள்ளி, துஆ ஓதி முடிந்த பிறகுதான் பை வெறுமை என்று கண்டான். அத்தனை சனத்துக்கு முன்னால், ஒரு போனுக்காகக் கபுறைத் தோண்டுங்கள் என்று சொல்ல வெட்கம். மடையன், வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான். அன்று பின்னேரம் மையவாடிக்குத் திரும்பப் போய் அந்த நம்பருக்கு அடித்தானாம். மண்ணுக்குக் கீழே மணி கேட்டதாம். மறுநாள் அடித்தபோது கேட்கவில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நினைத்தானாம்.

ஹிமாயா நம்பவில்லை. றஸாக்கோடு கந்தோரில் வேலை செய்த மெல்ரொய்யை மறுநாள் காலை கூப்பிட்டு அனுப்பினாள். அவன் விறாந்தையில் இருந்து தன் லெப்டொப்பில் சேர்வரின் பதிவுகளைத் திறந்தான். எந்தப் போன் எப்போது வீட்டு வைஃபைக்குள் வந்தது, எப்போது போனது, எல்லாம் அதில் இருக்கும்.

ஒவ்வொரு வரியாக, திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்தான்.

"அக்கா, அடக்கின மறுநாளிலயிருந்து ஒவ்வொரு நாளும் 3.42க்கு அந்தப் போன் இந்த வீட்டுக்குள்ள வந்திருக்கு. அடுத்த நாள் காலமை 8.10க்குத்தான் போயிருக்கு."

8.10. றஸாக் கந்தோருக்கு வெளிக்கிடும் நேரம்.

"அப்ப இரவில?" என்றாள் றஸ்னா.

"இரவு முழுக்க இஞ்சதான்."

திரைக்குப் பின்னால் ஹிமாயா வெடித்தாள். அது றிஷாட்டுக்கில்லை.

"இத்தன நாளும் பக்கத்துல கிடந்துட்டு, நான் வெந்து சாகிறதப் பார்த்துட்டு, ஒரு சத்தம் குடுக்கல்லியே நீங்க!"

மெல்ரொய் லெப்டொப்பை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அக்கா..."

"என்ன?"

"இண்டைக்குக் காலமை போனதா பதிவு இல்ல..."

அப்போது மணி 10.26.