அரியலூரிலேயே சுத்தமான கார்

எதிர் வீட்டுத் தம்பி ஞாயிற்றுக்கிழமையானால் தன் காரைத் தெருவில் நிறுத்திக் கழுவுகிறார். குழாயில் தண்ணீரைப் பீய்ச்சுகிறார், வாளி நிறைய நுரை வைத்திருக்கிறார், கடைசியில் ஏதோ ஒரு களிம்பைப் பூசித் தேய்க்கிறார். இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்து உள்ளே போய்விடுவார். எனக்கு அதில் சின்ன மனக்குறை உண்டு. அவ்வளவு சீக்கிரம் முடிக்கிற வேலையா அது? நானும் என் வீட்டுக்காரரும் ஒரு காரைக் கழுவ ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டவர்கள்.

நனைந்த ரப்பரின் வாசனை மட்டும் மாறவில்லை. அது மாடிக்கு ஏறி வந்தால் போதும், நான் அரியலூர் வீட்டுக் கொல்லையில் குடத்தோடு நிற்பேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. அதற்கு முன் காரை இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டு தடவையும் அது வழியில் நின்றுபோய், மாடு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். காருக்கு மாடு வேண்டும் போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

மாமனார் ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். ரயிலில் அரியலூர் வந்து இறங்குகிறவர்களைப் பெரம்பலூர் வரை கொண்டுபோய் விடுவது என் வீட்டுக்காரரின் வேலை. வீட்டில் மாமனார், மாமியார், மூத்தவர், அவர் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள் நான்கு பேர். இத்தனை பேர் நடுவில் புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொள்ள முடியாது. பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, வழக்கமில்லை, அவ்வளவுதான். எங்கள் படுக்கைக்கும் அந்த நான்கு பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான் இருந்தது. கல்யாணமாகி ஒரு மாதம் வரை அவருடைய குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்காது.

கார்தான் வழி செய்தது. காலையில் வண்டியைக் கொல்லைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். கழுவுகிறவருக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் காரின் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டியிருந்தார்கள். அதில் கிளம்பும் புகையில்தான் வண்டி ஓடும். பின்பக்கமெல்லாம் கரி, அதன்மேல் பெரம்பலூர்ச் சாலைப் புழுதி. ஊர் உலகத்துக்கெல்லாம் கஷ்டம் கொடுத்த யுத்தம், எங்களுக்கு மட்டும் அழுக்கைக் கொடுத்து உதவியது.

முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியை ஊறவிட வேண்டும். காய்ந்ததைத் தேய்த்தால் கீறல் விழும் என்பார். சக்கரத்துக்குத் தேங்காய் நார், உடம்புக்குப் பழைய வேட்டி, பித்தளை விளக்குக்குப் புளி. அவர் அந்தப் பக்கம் நின்று கண்ணாடியைத் துடைக்க, நான் இந்தப் பக்கம் நின்று துடைப்பேன். முகத்தைப் பார்க்காமல் பேசுவோம்.

"நேத்து ஒருத்தர் ஆட்டுக்குட்டியோட ஏறிட்டாரு. ஆட்டுக்குத் தலை சுத்துது, மெல்ல ஓட்டுங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மெல்லத்தான் ஓட்டினேன். பாவம், அது என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு."

சிரிப்பை அடக்க நான் கிணற்றுக்குள் குனிந்துகொள்வேன். மாமியார் பின்கட்டுப் படியில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பார்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்தது. கரி அடுப்பைக் கழற்றினார்கள். அழுக்கு பாதியாகக் குறைந்தும் நாங்கள் நேரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. "காரு தேஞ்சிடப் போவுது" என்று மாமியார் முணுமுணுப்பார். அரியலூரிலேயே சுத்தமான கார் எங்களுடையதுதான் என்று ஸ்டேஷனில் சொன்னார்களாம்.

ஒருநாள் காலை மாமனார் ஓர் ஆளை அழைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், திருச்சியில் பஸ் கழுவிக்கொண்டிருந்தவர். "வூட்டு மருமவ கார் கழுவறத நாலு பேரு பாக்கறாங்க. இனிமே முத்தையன் பாத்துக்குவான்" என்றார். என் வீட்டுக்காரர் ஈர வேட்டியைப் பிழிந்தபடி "சரிங்க" என்றார். அப்பா பேச்சுக்கு வேறு பதில் அவருக்குத் தெரியாது.

அன்றைக்கென்று என்னிடம் ஒரு சேதி இருந்தது. நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம். அந்த வீட்டில் இந்த மாதிரிச் சேதி பெண்கள் வாய் வழியாகவே சுற்றி, புருஷனுக்குக் கடைசியில், கேலியாகப் போய்ச் சேரும். என் வாயால் அவர் முதலில் கேட்க வேண்டும் என்று நான் பத்து நாளாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். தினமும் கிணற்றடியில் வாய் வரை வந்து கூச்சத்தில் நின்றுவிடும்; அன்றைக்குச் சொல்லியே விடுவது என்று இருந்தேன்.

மாமனார் உள்ளே போனார். குடத்தை எடுத்தேன். முத்தையன் ஓடிவந்து, "குடுங்க தாயி, நான் எடுத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். கையில் ஒன்றுமில்லாமல் நின்றேன். பிறகு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "பின் சீட்டுல மண்ணா கெடக்கு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காரில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அவர் அந்தப் பக்கக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"மண்ணு ஒண்ணும் காணுமே?"

"இல்லீங்க. நீங்க அப்பாவாகப் போறீங்க."

சுத்தமாக இருந்த சீட்டை அவர் மறுபடி துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. "பயமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இருந்தது.

இறங்கும்போது பார்த்தால் படியில் மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார். எனக்கு உயிரே இல்லை.

"முத்தையா, நீ சாயந்தரமா வந்து சக்கரத்தையும் அடிப்பக்கத்தையும் கழுவு. காலைல வேணாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ தண்ணி எறைக்காத. எம் புள்ள எறைச்சுக்குவான். நின்னுக்கிட்டுக் கண்ணாடிய மட்டும் தொடைச்சா போதும்" என்றார். மாமனாரிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அத்தனை நாள் படியில் உட்கார்ந்து அவர் எதையெல்லாம் கேட்டார், எதையெல்லாம் கேட்காததுபோல் இருந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மகள் பிறந்து கொஞ்ச காலத்தில் அந்தச் சாலையில் பஸ்கள் பெருகின. காருக்கு ஆள் ஏறவில்லை, விற்றுவிட்டார்கள். இவர் திருச்சியில் பஸ் ஓட்டப் போனார். எங்களுக்கென்று இரண்டு அறை வீடு கிடைத்தது. தட்டி இல்லை, படியில் யாரும் இல்லை. ஆரம்பத்தில் விடிய விடியப் பேசினோம். அப்புறம் எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆகிவிட்டதால் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டோம். "மோர் ஊத்தவா?" "ம்." பல நாள் அவ்வளவுதான். சண்டை ஒன்றும் கிடையாது. நல்ல மனுஷர்.

அரியலூர் வீடு கைமாறி, கிணற்றைத் தூர்த்து மேலே கடை கட்டியிருக்கிறார்கள். மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. இவர் போய்ப் பதினோரு வருஷம். இவரிடம் சொல்ல எனக்கு இப்போது தினமும் ஏதாவது ஒன்று இருக்கிறது.