கோட்டுக்குள் தைத்த ஆன்டெனா

ஆன்டெனா வடிவமைப்பவர்களுக்கு உலகில் ஒரே ஓர் இடைஞ்சல்தான்: அதை அணிந்துகொள்ளும் மனிதர்.

மனித உடம்பு பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அலைகளை அது விழுங்கிவிடும். மேசைமேல் கணீரென்று பேசிய ஆன்டெனா மார்பில் ஏறியதும் முணுமுணுக்கும். மாதக்கணக்கில் உழைத்துச் செய்த பொருள் அதை முதலில் பயன்படுத்தியவரிடமே தோற்றுப்போவதைக் கண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நான் சொல்வது உங்களுக்கு உடனே புரியும்.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய ஆண்டுகளில், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சிறு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நானும், வல்லத்திலிருந்து வந்துபோன தையற்காரர் கஸ்தூரியும்தான். ஒரகடம் பக்கத்து வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் உலையருகே ஒருவர் மயங்கி விழுந்து, நெடுநேரம் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறார். இன்னொருவர் அப்படிக் கிடக்கக் கூடாதென்று அந்தத் தொழிற்சாலையினர் ஒரு கோட்டு கேட்டார்கள். அணிந்தவர் அசைவற்றுக் கிடந்தால், அதிலுள்ள கருவி காவலறையில் மணியடிக்க வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் ஆன்டெனாவைத் துணியிலேயே செய்வது எங்கள் பொறுப்பு.

உப்புத் தண்ணீர் மனிதர்

தொடக்கத்தில் யாரையும் கோட்டு அணிந்து மணிக்கணக்கில் நிற்கச் சொல்ல முடியாது. ஆகவே இருபது லிட்டர் குடிநீர் கேன் ஒன்றில் உப்பை அளந்து கரைத்து, தற்காலிகமாக ஓர் ஆன்டெனாவை ஒட்டிய கோட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். அளவீட்டுக் கருவியின் திரையில், எங்களுக்கு வேண்டிய அலைவரிசையில் கோடு பள்ளமாக இறங்கினால் வெற்றி. அன்று அழகாக இறங்கியது.

அந்த மகிழ்ச்சியில் நான் திளைத்திருந்தபோது, காலி கேன் எடுக்க வந்த தண்ணீர்க்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். கேனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னாம்மா, கேனுக்கு கோட்டு மாட்டி உக்கார வெச்சிகினு கீறீங்க! சாரு எந்த ஷிஃப்ட்டு?"

மடித்த ஓரம்

அடுத்து, தைக்கும் ஆன்டெனாவுக்காகச் செம்பு பூசிய துணியை நாற்பத்தெட்டு மில்லிமீட்டருக்கு வெட்டி, ஒரு கம்பளித் துண்டின்மேல் தைக்கக் கொடுத்தேன். அந்த நீளம்தான் ஆன்டெனா எந்த அலைவரிசையில் பேசும் என்பதைத் தீர்மானிக்கிறது. கஸ்தூரி தைத்துக் கொடுத்ததைக் கருவியில் இணைத்தால், பள்ளம் வெகுதூரம் தள்ளிப்போய் விழுந்திருந்தது. இரண்டு நாட்கள் என் கணக்குகளைச் சரிபார்த்தேன். இணைப்புக் கம்பிகளை மாற்றினேன். கேனில் உப்பைக்கூட மாற்றினேன்.

மூன்றாம் நாள்தான் அளவுகோலை எடுத்தேன். நாற்பத்தெட்டு முப்பத்தெட்டாகியிருந்தது. எல்லாப் பக்கமும் அரை சென்டிமீட்டரை உள்ளே மடித்து, கண்ணுக்கே தெரியாத தையல் போட்டிருந்தார் கஸ்தூரி. ஏன் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது. பிறகு மடிப்புக்கும் சேர்த்துப் பெரிதாக வெட்டினோம். எத்தனை முறை துவைத்தும் செம்பு பிரியவில்லை. ஆனால் அன்று அவர் சொன்னது இதுதான்: "ஓரம் மடிக்காம வுட்டா பிசுறு பிசுறா வரும் மேடம். உங்க மெஷினுக்குப் புடிக்கலன்னா அதுக்கு நான் இன்னா பண்றது?"

ஆணியில் தொங்கிய ஆபத்து

சோதனைக்காகக் கோட்டை அணிய ஒப்புக்கொண்டவர் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், உலைக்கு இரும்பு போடுபவர். கழிப்பறைக்குப் போனால் மேலாளருக்குத் தெரியுமா என்று மூன்று தடவை கேட்டு, தெரியாது என்று உறுதி பெற்ற பிறகே கையை நுழைத்தார்.

முதல் நாளே மணி அடித்தது. காவலறையிலிருந்து நால்வர் தூக்குப்படுக்கையோடு ஓடினார்கள். உலையருகே ஓர் ஆணியில், அசைவற்று, கோட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இசக்கி தேநீர் குடிக்கப் போயிருந்தார். மறுநாளும் அதே கதை. பாதுகாப்பு அதிகாரி என்னைத் தனியே அழைத்தார். இனி ஒரு வீண் மணி அடித்தால் சோதனையை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். சோதனை நின்றால் எங்கள் பிரிவும் மூடப்படும். அதைவிட, உலையருகில் நிற்பவர்கள் பழையபடியே நிற்பார்கள். இதையெல்லாம் இசக்கியிடம் பொறுமையாக விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி மேடம், இனிமே டீ குடிக்கப் போனா கோட்டையும் கூட்டிட்டுப் போறேன்."

விழும் விதம்

ஆன்டெனாவை மார்பில் வைத்திருந்தேன். சமதளமான இடம், வளையாது, மடியாது. ஆய்வுக் கட்டுரைகளும் அதையே சொல்லின. இசக்கி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரும்புத் தரையில் படுத்தார். மணி அடிக்கவில்லை. உடம்புக்கும் இரும்புக்கும் நடுவே ஆன்டெனா மூச்சடைத்துக் கிடந்தது. அன்றே இடத்தை மாற்றினோம். வலத்தோள் சுமை தூக்குவது. ஆகவே இடது தோளின் மேல்விளிம்பு. இத்தனை படித்தும் எனக்குத் தோன்றாததை, தரையில் கிடந்தபடியே அவர் கேட்டார்: "மயக்கம் வந்தவன் பாய் விரிச்சு மல்லாக்கவா படுப்பான்? குப்புறல்லா விழுவான் மேடம்!"

கத்தரிக்கோல்

மே மாதத்து மதியம். கஸ்தூரியும் நானும் கோட்டின் தையலைப் பார்வையிடுவதற்காகத் தொழிற்சாலைக்குப் போய், காவலறையில் காத்திருந்தோம். மணி அடித்தது. மூன்றாவது மணி. காவலாளிகள் என்னைப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன்: எனக்கும் முதலில் ஆணிதான் நினைவுக்கு வந்தது. கஸ்தூரிதான் முதலில் ஓடினார். அவர் ஓடியதால் நானும் ஓடினேன். நாங்கள் ஓடியதால் அவர்களும் ஓடி வந்தார்கள்.

இசக்கி குப்புறக் கிடந்தார். முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் சூடான உலைக் கசடு. இழுத்துப் புரட்டி, நிழலில் கிடத்தினார்கள். தொழிற்சாலைச் செவிலியர் தோளிலிருந்து இடுப்புவரை கோட்டைக் கத்தரிக்கோலால் ஒரே வெட்டாக வெட்டித் திறந்தார். எங்களிடம் சரியாக வேலை செய்த ஒரே ஆன்டெனா இரண்டு துண்டாயிற்று. பத்து மாத உழைப்பு. என்னையும் அறியாமல் "ஐயோ" என்றிருக்கிறேன். இசக்கி இமை திறந்து தண்ணீர் கேட்டார். கஸ்தூரி என் கையை அழுத்திச் சொன்னார்: "வெட்டுனா வெட்டட்டும் மேடம், வேற தெச்சிக்கலாம். ஆளு கீறாரு இல்ல?"

அன்று மாலை நான் எழுதிய அறிக்கை என் பணிக்காலத்திலேயே மிகச் சிறியது: "மாதிரி முற்றிலும் சேதம், சோதனை வெற்றி."