சொல்லாமல் காலம் தாண்டும் மலரும், கேட்காமல் விடாத ஊர்களும்

டிவி தொடரில் கன்டினியூட்டி பார்ப்பவனுக்குச் சந்தேகப்படத்தான் சம்பளம். போன ஷாட்டில் இடது தோளில் தொங்கிய பை இந்த ஷாட்டில் வலது தோளுக்கு எப்படிப் போனது என்று கேட்பது என் பிழைப்பு. தொடர் பார்க்கும்போது "அதெப்படி?" என்று கேட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் நம் இருவருக்கும் ஒரே வியாதி.

எனக்கு வாய்த்த தொடரில் மலர் என்ற மருமகளுக்குத் திடீரென்று தலை வலிக்கும். அடுத்த நொடி, அவள் விரும்பாமலே, புகுந்த வீட்டின் கொள்ளுத்தாத்தா காலத்தில் போய் விழுவாள். படப்பிடிப்பு தர்மபுரி மாவட்டத்தில். நான் அரூர்க்காரன் என்பதால் ஊர்க்காரர்களிடம் பேசும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. சந்தேகப்படுவதில் நான்தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு அங்கே போனதும் போயிற்று.

அளவு நாடா

இண்டூர் பக்கம் மாரப்பன் என்ற விவசாயியின் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். மலரின் இன்றைய வீடும் அதுதான், கொள்ளுத்தாத்தா வீடும் அதுதான். இந்தக் காலத்தில் மறைந்த அதே இடத்தில்தான் அவள் அந்தக் காலத்தில் தோன்ற வேண்டும். இந்த மாதிரிக் கதைகளுக்கு அது எழுதாத சட்டம். கேமரா கொஞ்சம் நகர்ந்தாலும் குட்டு உடைந்துவிடும். அதனால் நாடா பிடித்து அளந்து, வரப்போரம் ஒரு முளை அடித்து, அதன் தலையில் சிவப்பு பெயின்ட் வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் எதிரே நாலைந்து பேர். முன்னால் மாரப்பன். "எந்த ரோட்டுக்குங்க அளக்கறீங்க?" என்றார். ரோடு இல்லை, கதாநாயகி காலம் விட்டுக் காலம் போவதற்கு அடையாளம் என்றேன். சொல்லும்போதே எனக்கே பொய் மாதிரிதான் கேட்டது. அவர் குனிந்து முளையை ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. அவர் முகம் இன்னும் இறுகியது.

"அந்தப் பொண்ணு எந்தக் காலத்துக்கு வேணும்னாலும் போவட்டுங்க சார், எங்க வரப்பத் தாண்டி மட்டும் போவக் கூடாது."

மஞ்சள்

பழைய காலம் என்றால் படம் மஞ்சளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வந்துவிடுமாம். மானிட்டரில் அந்த மஞ்சளைப் பார்த்ததும் மாரப்பனின் மனைவி முனியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு வெளியே போய் வீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

"நல்லா இருந்த வூட்டுக்கு என்னாங்க பண்ணீங்க, காமாலை வந்தாப்ல இருக்குது?"

சித்தேரியில் ஒரு விசாரணை

மாமியாரோடு மலைக்குப் போன இடத்தில் தலை வலித்து, மலர் சுடிதாரோடு பழங்காலத்து மலைக்கிராமத்தில் வந்து விழும் காட்சியைச் சித்தேரியில் எடுத்தோம். அந்தக் காலத்து ஜனங்கள் வந்தவள் யாரென்று கேட்கவே மாட்டார்கள். கஞ்சி கொடுப்பார்கள், பாய் போடுவார்கள். அது இன்னொரு சட்டம். கஞ்சி கொடுக்கும் பெண்ணாக உள்ளூர் ராஜம்மாவை நிறுத்தினோம். "பாவம், பசியோட இருக்கே, உள்ள வா தாயீ" என்பதுதான் அவர் வசனம். ஒத்திகையில் அழகாகச் சொன்னார்.

டேக் என்றதும் ராஜம்மா கஞ்சிச் சட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "யாரு நீ? யாரு வூட்டுக்கு வந்த? எந்த பஸ்ஸுல வந்த?" கதாநாயகி நிஜமாகவே திணறி, "அதுவந்து, தெரியலீங்க" என்று உளறினாள். டைரக்டர் "கட்! அந்தக் காலத்துல பஸ்ஸே கிடையாதும்மா!" என்று கத்தினார்.

"பஸ்ஸும் இல்லாம ஒருத்தி மலை மேல வந்து நிக்கறான்னா, இன்னும் நல்லா விசாரிக்கோணுங்களே?"

எதிர்காலம்

கதை கொஞ்சம் படுத்தது. மலரை எதிர்காலத்துக்கு அனுப்பலாம் என்று முடிவாயிற்று. "வீடு இல்ல. அந்த இடத்துல பெரிய ரோடு. லாரியா போவுது. எதிர்காலம்னா ரோடுதான்" என்று டைரக்டர் வேப்பமரத்தடியில் கையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் மாரப்பன் நின்றதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் போனால் பாதைக்குக் குறுக்கே டிராக்டர், வீட்டுக்குப் பூட்டு. வேறு வீடு தேட முடியாது. இத்தனை நாள் காட்டிய வீட்டை மாற்றினால் தொடரே நின்றுவிடும். சண்டை போடத் தயாராகத்தான் நான் போனேன். மாரப்பன் சண்டை போடவில்லை. "எங்கக்கா வூட்டு நெலம் அப்பிடித்தான் சார் ரோட்டுக்குப் போச்சு. மொதல்ல வந்தவங்களும் சும்மா அடையாளத்துக்குன்னுதான் முளை அடிச்சாங்க" என்றார். முனியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டைரக்டரிடம் வந்து சொன்னேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து அவரே எழுந்து போனார். டிராக்டர் பக்கத்தில் நின்றபடி ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் எதிர்காலத்தில் வீடு இருக்கும் என்று முடிவானது. அதில் குடியிருக்கும் வாரிசாக மாரப்பனே நடித்தார். ஒளிபரப்பான அன்று அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மலர் கதவைத் தட்டினாள். புதுச் சட்டையோடு மாரப்பன் திறந்தார். பின்னால் அதே வரப்பு, அதே வயல். ரோடு இல்லை. முனியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார். மாரப்பன் விளம்பரம் முடியும்வரை திரையையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சந்தோசம் சார், ஆனா அந்த முளையப் புடுங்கிட்டுப் போயிடுங்க."

பஸ்ஸில் ஒரு ரசிகை

அரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் வேலையை விசாரித்தார். சொன்னதும் கண் விரிந்தது. ஒரு நாள் விடாமல் பார்க்கிறாராம். மலரைப் பிடிக்குமா என்று ஆசையோடு கேட்டேன். அவர் முன்சீட்டையும் பின்சீட்டையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாமியாக்காரி வேலை சொல்றப்ப மட்டுந்தான் அவளுக்குத் தலை வலிக்குது, சும்மா குந்தினு இருக்கறப்ப ஒரு தடவையாவது காலம் தாண்டியிருக்காளா, கேளுங்க!"

ஒருத்தியைக் கொள்ளுத்தாத்தா காலத்துக்கு அனுப்பிவிடுவது சுலபம், அவள் எதற்குப் போனாள் என்று தர்மபுரி மாவட்டத்துக்குப் பதில் சொல்லி மாளாது.